ஃபிக்ரேத்தாவுக்கு இரண்டு சாட்சி

மேடையில் இருக்கும் டாக்டர் ஐயா அவர்களே, சங்கத் தலைவி அவர்களே, முன்வரிசையில் மூக்கில் காற்றுக் குழாயோடு உட்கார்ந்திருக்கும் ஃபிக்ரேத்தாவின் வீட்டுக்காரர் ஹுஸ்னியா அண்ணனே, சலவைக்கூடத்துப் பெண்களே, இடமில்லாமல் கதவோரம் நிற்பவர்களே, எல்லாருக்கும் வணக்கம். நான் நெவென்கா. ஃபிக்ரேத்தாவோடு ஒரே தொட்டியில் கை நனைத்தவள்.

கறுப்பு நாடா கட்டி வைத்திருக்கிறீர்களே, இந்தப் படம் வேலை அட்டைக்கு எடுத்தது. அதனால்தான் முறைக்கிறாள். "படம் எடுக்கிறவனுக்குச் சட்டை வெளுக்கத் தெரியல, அவன்கிட்ட நான் ஏன் சிரிக்கணும்?" என்று கேட்டாள். சிரித்த படம் ஒன்றுகூட நம்மிடம் இல்லை. இந்த ஊரையே சிரிக்க வைத்தவளுக்குச் சிரித்த படம் இல்லை!

ஃபிக்ரேத்தா என்ன செய்தாள் என்று இளையவர்களுக்குத் தெரியாது. சொல்கிறேன். நாங்கள் முதலில் பட்டாளத்து மருத்துவமனையில் துணி வெளுத்தோம். எங்கள் ஓய்வூதியம் பட்டாளத்து நிதியில் சேர்ந்தது. பிறகு நாடு உடைந்தது. சண்டை வந்தது. மருத்துவமனை எரிந்தது, எங்கள் பெயர் எழுதிய காகிதமெல்லாம் அதோடு எரிந்தது. சண்டை ஓய்ந்ததும் நகராட்சி எங்களை இந்த மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலைக்கு எடுத்தது. அந்த நிதி வேறு, இந்த நிதி வேறு. பழைய வருஷங்களைப் புதிய நிதிக்கு மாற்றுங்கள் என்று போய் நின்றால், "நீங்க அங்க வேலை பார்த்தீங்கன்னு யாரு சொன்னா?" என்கிறார்கள். யார் சொன்னதா? என் கையைப் பார்த்தால் தெரியாதா? வெடித்த விரலைப் பார்த்தால் தெரியாதா?

தெரியாதாம். சட்டம் ஒரே ஒரு வழி விட்டிருக்கிறது. அதே காலத்தில், அதே இடத்தில் கூட வேலை செய்த இரண்டு பேர் நேரில் வந்து சத்தியம் செய்ய வேண்டும்.

யார் போனது? ஃபிக்ரேத்தா போனாள். மெவ்லிதாவுக்குச் சாட்சியாகப் போனாள். ஸ்தாணாவுக்குப் போனாள். எனக்குப் போனாள். அவளுக்குக் காலை வேலை இருந்தால் மாலை வேலைக்கு மாற்றிக்கொண்டு, முதல் பேருந்தில், கைப்பையில் சர்க்கரைக் கட்டியோடு போனாள். ஓய்வூதிய அலுவலகத்தில் கொடுக்கும் காப்பி கசக்குமாம்! ஒருமுறை அதிகாரித் தம்பி, "அந்தச் சலவைக்கூடம் எப்படி இருந்துச்சு, சொல்லுங்க பார்ப்போம்" என்று மடக்கினார். இவள் அவர் சட்டைக் கழுத்துப்பட்டியையே பார்த்தாள். "தம்பி, இதுக்குக் கஞ்சி போட்டது யாரு? இப்படிப் போட்டிருந்தா எங்க மேஜர் எங்க மூஞ்சியிலேயே விட்டெறிஞ்சிருப்பாரு" என்றாள். அந்தத் தம்பி சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

ஆனால் அவள் எல்லாருக்கும் தலையாட்டியவள் இல்லை. கொதிகலன் பார்த்த ட்ராகுதின் அண்ணனுக்கு ஓய்வூதியக் கணக்கில் ஒரு குளிர்காலம் குறைந்தது. துணி உலர்த்தும் முற்றத்தில் வந்து நின்றார்.

"ஃபிக்ரேத்தா, ஒரே ஒரு குளிர்காலம். நான் அங்கதான் இருந்தேன்னு சொல்லேன். உன் நாக்கு தேஞ்சா போயிடும்?"

"நீ கடலோரம் ஹோட்டல் கட்டப் போயிட்டே. கொதிகலன் அணைஞ்சு, நாங்க பச்சைத் தண்ணியில வெளுத்தோம். நீ இல்லேன்னு என் விரலுக்குத் தெரியும்."

"நீயெல்லாம் ஒரு மனுஷியா?"

"ஒரு பொய் சொன்னேன்னா, இத்தனை பேருக்குச் சொன்ன நிஜமும் பொய்யாப் போயிடும்டா, கரிமூஞ்சி!"

அண்ணன் இன்னும் ஒரு வருஷம் கூடுதலாகக் கரி அள்ள வேண்டி வந்தது. அன்றோடு பேச்சு நின்றது. தெருவில் அவள் வந்தால் அவர் எதிர்ப்பக்கம் போவார்.

அதனால்தான், அம்மாமார்களே, தன் வருஷங்களை மட்டும் அவள் மாற்றவே இல்லை. அவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கூட இருந்தவர்களில் மிச்சமிருப்பது இரண்டே பேர், மற்றவர்களெல்லாம் பிறகு வந்தவர்கள். ஒருத்தி நான். இன்னொருவர் அவர். "போய்க் கேளேண்டி" என்று எத்தனை முறை சொன்னேன்! "அவனுக்கு நான் சொல்லல. எனக்கு அவன் சொல்லணும்னு எந்த வாயால கேக்கிறது?" என்பாள். ஹுஸ்னியா அண்ணனுக்கு மூச்சு மோசமான பிறகுதான் மனு போட்டாள். விறகு விற்ற மனுஷனுக்குத் தனியாக ஓய்வூதியம் ஏது? இவளுடையதுதான் இரண்டு பேருக்கும். மனு போட்டாளே தவிர, சாட்சி கேட்டு யார் வீட்டுப் படியும் ஏறவில்லை.

போன மாதம், எங்களுக்குப் பிறகு சேர்ந்த சும்ராவுக்குச் சாட்சி சொல்ல நாங்கள் இரண்டு பேரும் போனோம். திரும்பும்போது ஜன்னலோரம் சாய்ந்திருந்தாள். களைத்துத் தூங்குகிறாள் என்று என் சால்வையைப் போர்த்தினேன். பாலம் தாண்டியதும், "ஊர் வந்துடுச்சு, எழுந்திரு" என்றேன். எழுந்திருக்கவில்லை. ஐயோ, ஃபிக்ரேத்தா! அடுத்தவள் வருஷத்தைக் காப்பாற்றிவிட்டு, உன் வருஷத்தை யாரிடம் விட்டுப் போனாய்?

அவள் போன பிறகு அழைப்பு வந்தது. வரும் செவ்வாய்க்கிழமை விசாரணை. அவள் வருஷங்கள் சேர்ந்தால் ஹுஸ்னியா அண்ணனுக்குக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. சேராவிட்டால் இந்தக் குழாய்க்குக் காற்று வாங்கக்கூட வழி இல்லை. என் ஒரு வாய் போதாது.

சலவைக்கூடத்துப் பெண்கள் சார்பில் சொல்கிறேன். இனி யாருக்குச் சாட்சி வேண்டுமானாலும் நாங்கள் போவோம். பார்த்ததைச் சொல்வோம். பார்க்காததைச் சொல்ல மாட்டோம். அவள் வைத்துப் போன வேலை அது, அதைக் கீழே விட மாட்டோம்.

ட்ராகுதின் அண்ணே, நீங்கள் கடைசி வரிசையில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரிகிறது. அவளை மன்னிக்கச் சொல்லவில்லை. அவளைப் புகழவும் வேண்டாம். ஆவியில் நின்று துணி வெளுத்தாளா இல்லையா? அது ஒன்றைச் சொல்லுங்கள். உங்களுக்காக ஒரு பொய் சொல்லாதவளுக்காக, ஒரு நிஜம்.

என்ன அண்ணே? கேட்கவில்லை. கொஞ்சம் உரக்க...

எத்தனை மணிக்கா?

முதல் பேருந்து, அண்ணே. ஜன்னலோர இடத்தை உங்களுக்குப் பிடித்து வைக்கிறேன்.

எல்லாரும் எழுந்து நில்லுங்கள். அவளுக்காகக் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்போம்.