வண்டியைச் சாய்த்துப் பிடிக்க ஓர் ஆள்

மேடையில் வீற்றிருக்கும் சங்கத் தலைவர் பல் டாக்டர் அவர்களே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே! ஹெல்மெட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என் சக பயணிகளே! வணக்கம் சொல்ல வாய் வரவில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

நம் மோட்டார் சைக்கிள் பயணச் சங்கத்தின் தலைமை மெக்கானிக், நாமெல்லாம் ‘ஸ்பேனர் அண்ணன்’ என்று உரிமையோடு கூப்பிட்டவர், மூன்று வாரத்துக்கு முன்பு மாரடைப்பில் நம்மை விட்டுப் போய்விட்டார். என்னை ஐந்து நிமிடம் பேசச் சொன்னார் தலைவர். நான் கணக்கு வாத்தியார். வகுப்பில் மணி அடித்த பிறகும் பேசுகிறவன். இன்றைக்கு ஐந்து நிமிடமே அதிகமாகத் தெரிகிறது.

இரண்டு வருடத்துக்கு முன்பு கடல் தாண்டிப் போனோமே, நாற்பத்தொரு நாள் பயணம்! ஆறு வண்டிகளையும் கப்பலில் அனுப்பிவிட்டு, மொழி தெரியாத துறைமுகத்தில் போய் இறங்கினோமே! எத்தனை பழுது! நம் பேக்கரிக்காரரின் கிளட்ச் கேபிள் அறுந்தது எந்த நாள்? இரண்டாம் நாள்! அண்ணன் பதறினாரா? புறப்படும் முன்பே ஒவ்வொரு வண்டியிலும் பழைய கேபிளோடு சேர்த்து ஒரு புதுக் கேபிளையும் கட்டி வைத்திருந்தார். இரண்டு முனையையும் மாட்டினார், வேலை முடிந்தது. பெட்ரோலில் தண்ணீர் கலந்து தலைவருடைய வண்டி இருமி இருமி நின்றபோது, “பல்லு புடுங்கறதைவிட இது சுலபம் டாக்டர், இது கத்தாது” என்று சொல்லிக்கொண்டே கார்புரேட்டரைக் கழற்றியவர் யார்? அவரல்லவா! உதிரிபாகக் கடையில் பேச்சு புரியாமல், மேசைத் தூசியில் விரலால் செயின் கண்ணியை வரைந்து காட்டி வாங்கி வந்தவர் யார்? அவரல்லவா!

எந்தப் பயணத்திலும் கடைசி வண்டி அவருடையதுதான். “ரிப்பேர்னா ஓரமா நில்லுங்க, நான் வந்துட்டே இருக்கேன்” என்பார். அந்தத் தைரியத்தில் நாம் யாரும் திரும்பிப் பார்த்ததே இல்லை. அவருக்கு முன்னால் போகிறவன் மட்டும் அவ்வப்போது கண்ணாடியில் அவரைக் கவனிக்க வேண்டும். அது ஐந்தாவது வண்டி. அது என் வண்டி.

அண்ணி, இனி நான் பேசப்போவது உங்களிடம்.

அந்தக் கடல் தாண்டிய பயணத்தில், இருபத்துமூன்றாம் நாள் தன் வண்டி பஞ்சரானபோது, “நான் பாத்துக்கறேன், போங்க” என்று தானே கை காட்டி எங்களை அனுப்பியதாக அண்ணன் உங்களிடம் சொல்லியிருப்பார். சங்கத்திலும் அப்படித்தான் சொன்னார். அது பொய். அவர் கை காட்டவில்லை. காட்டியிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. முந்தின நாள் ஒரு சரளைத் திருப்பத்தில் விழுந்ததில் என் வண்டியின் ஒரு கண்ணாடி உடைந்துவிட்டது, இன்னொன்று வானத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. “வாத்தியாரே, சரி பண்ணித் தரட்டுமா?” என்று கேட்டார். “எதுக்குண்ணே? பின்னால நீங்கதானே வர்றீங்க!” என்றேன். பெரிய நகைச்சுவை! அவரும் சிரித்தார்.

காலை பத்து மணிக்கு அவருடைய பின்சக்கரம் பஞ்சர். என்ஜினையே பிரித்து மாட்டுகிறவருக்குப் பஞ்சர் ஒரு பொருட்டா? ஆனால் அவர் வண்டியின் நடு ஸ்டாண்டு நாலு நாளைக்கு முன்பே முறிந்திருந்தது. சக்கரத்தைக் கழற்ற, வண்டியைச் சாய்த்துப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். கல்லை அண்டக் கொடுத்துப் பார்த்தாராம், வண்டி அவர்மேலேயே சரிய வந்ததாம். கீழே படுக்கவைத்தால் திரும்பத் தூக்க அவர் இடுப்பு இடம் கொடுக்காது. டியூப் இருந்தது, பம்பு இருந்தது, ஊரிலேயே சிறந்த கை இருந்தது. ஆள் இல்லை. போனில் சிக்னலும் இல்லை.

நாங்கள் எங்கே இருந்தோம்? நூற்றிருபது கிலோமீட்டர் தள்ளி, அடுத்த ஊரில், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, அவருக்கும் ஒரு காபி சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தோம். காபி ஆறியது. “வந்துட்டே இருப்பாரு” என்று சொன்னது நான்தான்.

ஒன்றரை மணிக்கு மேல் மனசு கேட்காமல் நான் மட்டும் திரும்பினேன். போய்ச் சேரும்போது மூன்றரை. இரு பக்கமும் ஒரு மரம்கூட இல்லாத ரோடு. சாமான்களைத் துணியில் வரிசையாகப் பரப்பி வைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். “வந்துட்டியா வாத்தியாரே? வா, இதைச் சாய்ச்சுப் புடி” என்றார். அரைமணி நேரத்தில் சக்கரம் மாட்டியாகிவிட்டது. என்னைத் திட்டினாரா? ஒரு வார்த்தை? இல்லை!

கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “நாலு லாரி போச்சு. கை காட்டினேன், நிக்கல. அப்புறம் ஒருத்தரும் வரல. பேச்சுத் துணைக்கு ஆளில்லாம வண்டிகிட்டயே பேசிட்டிருந்தேன். கொஞ்ச நேரத்துல அதுவும் அலுத்துப்போச்சு. கண்ணாடி விஷயத்தை யார்கிட்டயும் சொல்லாத. நான்தான் போகச் சொன்னேன்னு சொல்லிக்கறேன்.”

நான் தலையாட்டினேன். தலையாட்டியதோடு சரி. அந்த ஐந்தரை மணி நேரம் எப்படி இருந்தது என்று கேட்க எனக்கு இரண்டு வருடம் இருந்தது. கேட்டேனா? எனக்கு வெட்கமாக இருக்கிறது. அண்ணி, அவர் உங்களிடம் சொன்ன அந்தப் பொய் என்னுடையது. என்னை மன்னியுங்கள்.

அடுத்த மாதப் பயணத்தை நிறுத்திவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். கூடாது, தோழர்களே! போவோம்! அவர் பணி நிற்கக் கூடாது! இனிமேல் கடைசி வண்டி என்னுடையது. எனக்கு என்ஜின் தெரியாது. பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொண்டிருக்கிறேன். யார் வண்டி நின்றாலும் நானும் நின்று, சாய்த்துப் பிடிப்பேன். இந்தச் சபையில் அண்ணி முன்னிலையில் உறுதி சொல்கிறேன்!

நேற்றுக் காலை ஐந்து வண்டிகளும் ஒத்திகை ஓட்டம் போனோம். முதல்முறையாக நான் கடைசியில் ஓட்டினேன். முன்னால் நால்வரும் நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தார்கள், ஒருவரும் திரும்பவில்லை. எனக்குப் பின்னால் வெறும் ரோடு. இதைத்தானா அண்ணா, முப்பது வருடமாகப் பார்த்துக்கொண்டு வந்தீர்கள்? ஒரு நாள்கூடச் சொல்லவில்லையே!