உள்ளால் கறள்

— போன வருசம்தானே புதுசா நீ பூட்டினனீ, றோசா. அதுக்குள்ளை ஓட்டை விழுந்து கார் ட்ராக்டர் மாதிரிக் கத்துது. என்ன குப்பைச் சைலன்சரைப் பூட்டினனீ?

— மகேந்திரண்ணை, என்ரை கராச்சுக்குள்ளை நிண்டுகொண்டு குப்பை எண்டு சொல்லாதையுங்கோ. சீற்றுக்குப் பின்னாலை எஞ்சின் இருக்கிற கார் இது. சைலன்சர் அதுக்கும் பின்னாலை, குறுக்காலை கிடக்குது. பம்பரைக் கழட்டி, வெக்கைத் தகட்டைக் கழட்டி, கறள் பிடிச்ச நட்டோடை காலமை முழுக்க மல்லுக்கட்டினது நான். நீங்களில்லை.

— அதுதானே உன்ரை வேலை.

— இவரோடை கதைச்சு வேலையில்லை, றோசா. போன கிழமை முழுக்க வீட்டிலை இதே புராணம்தான். குசினிக் குழாய் ஒழுகுது, அதுக்கு ஒரு அவசரமும் இல்லை. சைலன்சருக்கு மட்டும் மனுசனுக்குச் சாப்பாடு இறங்கேல்லை.

— ஞானம், நீர் சும்மா இரும். வீட்டிலை விட்டிட்டு வந்த பாங்க் கார்டைக் கொண்டுவரத்தான் உம்மை வரச் சொன்னனான்.

— ஞானக்கா, நீங்களும் வந்து பாருங்கோ. கழட்டினதை இப்பிடிச் சாய்க்கிறன். தண்ணி ஆடுறது கேக்குதோ? வெளிப்பக்கம் பளபளப்பாக் கிடக்கு, கறள் உள்ளாலை. எஞ்சின் நல்லாச் சூடேறி ஓடினால்தான் புகையோடை வாற ஈரம் காயும். கிட்டடியிலை போய், ஸ்டார்ட்டிலை விட்டுக்கொண்டு நிண்டால், தண்ணி உள்ளுக்கையே கிடந்து இரும்பைத் தின்னும். இந்தக் கார் தூரத்துக்கு ஓடவேயில்லை, அண்ணை.

— விசர்க்கதை கதையாதை. ஞாயிறுக்கு ஞாயிறு ஹைவேயிலை புவாண்ட்-கிளேர் தாண்டிப் போட்டு வாறனான்.

— அப்பிடி ஓடியிருந்தால் இது உக்காது. ஆரிட்டையும் கொண்டுபோய்க் காட்டுங்கோ.

— நில்லு, றோசா. ஓம், ஞாயிறுக்கு ஞாயிறு வெளிக்கிட்டுப் போறவர்தான். துறைமுகத்திலை கொண்டெயினரோடை மாரடிச்ச மனுசன், பென்சன் எடுத்த பிறகாவது ஆசைக்கு ஓடட்டும் எண்டு நானும் பேசாமல் இருந்தன். எங்கை போறனீங்கள்?

— சொன்னன்தானே. றோசா, புதுசைப் பூட்டு. சத்தம் துப்புரவாக் கேக்கக் கூடாது, விளங்குதோ?

— என்ரை முகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ. எங்கை போறனீங்கள்?

— பொலிஸ் டிக்கெட் அடிச்சுப்போடுவான், ஞானம். அதுதான் அவசரம்.

— பொலிசுக்கு எப்ப தொடக்கம் பயம்?

— உமக்கென்ன தெரியும்? போன ஞாயிறு தெருவுக்குள்ளை திருப்ப முதலே பிள்ளை திடுக்கிட்டு எழும்பி, பேந்து படுக்கவேயில்லை.

— எந்தப் பிள்ளை?

— ஞானக்கா, முதல்லை இந்தக் கதிரையிலை இருங்கோ.

— நான் இருக்கேல்லை. எந்தப் பிள்ளை எண்டு கேட்டனான்.

— சாம்பவியின்ரை. பெடியன். இப்பதான் நடக்கத் துவங்கியிருக்கிறான்.

— என்ரை மகளுக்குப் பிள்ளை பிறந்து, அது நடக்கவும் துவங்கிட்டுது. அவள் தன்ரை விருப்பத்துக்குக் கலியாணம் கட்டினவள், அவளின்ரை படி மிதிக்கக் கூடாது எண்டு முருகன் படத்துக்கு முன்னாலை என்னட்டைச் சத்தியம் வாங்கினது ஆர்? அவளின்ரை நம்பரை என்ரை போனிலை இருந்து அழிச்சது ஆர்? கறிவேப்பிலை வாங்கக்கூட நான், கிட்டடியிலை அவள் இருக்கிற பார்க் எக்ஸ்டென்ஷன் பக்கம் போறேல்லை. எங்கையாவது அவளைக் கண்டால் தாங்கமாட்டன் எண்டு.

— நானும் படி மிதிக்கேல்லை, ஞானம். கார் கீழை நிக்கும். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்து பக்கத்துச் சீற்றிலை இருப்பாள். குளிருக்கு ஹீற்றரைப் போட்டு ஸ்டார்ட்டிலை விட்டிருப்பன். அவ்வளவுதான்.

— அவ்வளவுதான். ரெண்டு சீற் கார். வாங்கின நாளிலை இருந்து நான் ஒருநாளும் இருக்காத சீற். உமக்கு முதுகு நோகும், ஏறாதையும் எண்டு எனக்குச் சொன்ன சீற்.

— அவள் ஒவ்வொரு முறையும் உம்மைத்தான் கேக்கிறவள். உமக்கு எப்பிடிச் சொல்லுறதெண்டு எனக்குத் தெரியேல்லை.

— கதையாதையுங்கோ. உங்கடை ரோசத்தைக் காக்க நான் வேணும், பேரனைக் கொஞ்ச நீங்கள் மட்டும் போதும். றோசா, பம்பரை மட்டும் மாட்டு.

— சைலன்சர் இல்லாமலோ, அக்கா? காது கிழியும். இந்த நேரம் பிள்ளையும் நித்திரையா இருக்கும்.

— ஞானம், நீர் முருகனுக்கு முன்னாலை சத்தியம் பண்ணினனீர்.

— முருகனோடை நான் கதைச்சுக்கொள்ளுறன். கார்த் திறப்பைத் தாங்கோ, நீங்கள் பஸ்ஸிலை வீட்டை போங்கோ. பிள்ளை எழும்பட்டும், றோசா. அம்மம்மா ஒளிச்சு வரேல்லை.