பூட்டின் பழுதைச் சொன்னவரைக் காத்த இர்யா ரௌத்தியோ அம்மையாருக்கு

ஊலு நகர் தந்த ஒப்பற்ற செல்வமே! கெர்னல் என்னும் இயங்குதள உள்ளகத்தை முப்பதாண்டுகள் கண்ணை இமை காப்பதுபோல் காத்த காவலரே! பிறர் பிழை திருத்துகையிலும் அவர் மனம் நோகாது திருத்திய பண்பின் பெருந்தகையே! இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் இர்யாவே, வணக்கம்!

தங்கள் பெருமை பலவாயினும் சைமியின் பொருட்டுத் தாங்கள் நின்ற நிலையே எங்கள் நெஞ்சில் முதலில் நிற்கிறது. கெமி நகரக் கல்லூரி ஆய்வாளரான அவர், பலர் பகிரும் கணினியில் தம் வேலை ஏன் அறுந்துபோகிறது என்று துருவப்போய், நம் கெர்னலில் ஒரு பழுதைக் கண்டார். உரிமையைச் சரிபார்க்கும் கணத்துக்கும் கோப்பைத் திறக்கும் கணத்துக்கும் இடையே நூலிழை இடைவெளி. அதற்குள் கோப்பை மாற்றிவிட்டால் எளிய பயனரும் அந்தக் கணினிக்கே எசமானர் ஆகலாம்! மருத்துவமனைகளும் நம்மை நம்பியிருந்தன. சைமி உடனே நமக்கு எழுதினார். நிர்வாகமோ நன்றி சொல்லாமல் வழக்கறிஞரைத் தேடியது.

"அனுமதியில்லாம உள்ள பூந்திருக்கா இர்யா. விட்டா ஆளாளுக்குக் கிளம்பிடுவாங்க," என்றார் மேலாளர் டார்மோ.

"பூட்டு சரியில்லன்னு சொன்னவளையே திருடிங்கிறியா? அப்புறம் எவ வாயத் திறப்பா? திருடனுக்கு மட்டும்தான் விஷயம் தெரிஞ்சிருக்கும்."

"உன் வேலைக்கே உலை வெச்சுக்காத."

"போனாப் போகட்டும். நீராவிக் குளியலுக்குச் சௌனாவச் சூடேத்திட்டு வீட்ல உக்காந்திருப்பேன்."

அன்றே சைமியை அழைத்து மன்னிப்புக் கேட்டீர்கள். இடைவெளியைக் குறுக்கியதோடு நின்ற அவசரத் திருத்தத்தை ஒதுக்கி, சரிபார்த்த கோப்பே திறக்கும்படி இரண்டையும் பிணைத்தீர்கள். ஊரறியும் முன்னே மருத்துவமனைகளைத் திருத்தம் சென்றடைந்தது. அறிவிப்பில் முதற்பெயர் சைமியுடையது. வழக்குப் பேச்சோ வாசலோடு நின்றது. மறு ஆண்டே சைமி நம் குழுவில் சேர்ந்தார். இதோ, இந்தப் பிரிவு விருந்தில் கடைசி ஏலக்காய் ரொட்டிக்காக டார்மோவோடு மல்லுக்கு நிற்கிறார்!

ஓய்வு பெறுவோர் நம் கணினிகளிலும் கட்டடத்திலும் நுழையும் உரிமைகளையெல்லாம் நீக்குவது விதி. தங்கள் பெயரை அழிக்க எங்களில் எவர் கையும் எழவில்லை. இன்று காலை சைமி மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு கணினியைத் திறந்தால், தாங்களே அனைத்தையும் நீக்கியிருந்தீர்கள், வாயிற்கதவைத் திறக்கும் அட்டை உட்பட! அந்நேரம் வெளியே தங்கள் குரல்: "யாராச்சும் கதவத் தொறங்க! குளுருது!"

ஓடிவந்து திறந்தவர் டார்மோ.

அம்மையே! உடல் நலத்தோடும் உள்ளக் களிப்போடும் நெடுநாள் வாழ்க! எப்போது வந்தாலும் அட்டை வேண்டாம். கதவைத் தட்டினால் போதும்.

என்றும் அன்புடன்,
கெர்னல் பாதுகாப்புக் குழுவினர், ஊலு