பெயரில்லாமல் வந்த சீட்டு

இந்தக் கபடிக் களத்துக்கு இடம் விட்டுக்கொடுத்த மனத்துக்கினிய தலைவர் பச்சமுத்து அவர்களே, எங்கள் ஆட்டத்தையும் அழிச்சாட்டியத்தையும் பொறுத்து வளர்த்த பெரியோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு ஆட்டம் பார்க்க வந்திருக்கும் அன்புத் தாய்மார்களே, களமருதூர் அணியின் முன்னாள் கேப்டன் தமிழழகன் உங்களைக் கைகூப்பி வணங்குகிறேன்.

இறுதி ஆட்டத்தை வாழ்த்திப் பேசத்தான் மேடையேறினேன். ஆனால் அறிவிப்புச் சீட்டுகளுக்கு நடுவே ஒரு சீட்டு வந்திருக்கிறது. எழுதியவன் பெயர் இல்லை. படிக்கிறேன்: "அண்ணே, விதையில கட்டி மாதிரி இருக்குது. வலி இல்ல. தையில கல்யாணம். வெளிய சொன்னா இன்னா ஆவும்?"

யாரும் திரும்பிப் பார்க்காதீர்கள். சிரிக்காதீர்கள். தாய்மார்களே, எழுந்து போகாதீர்கள். இது உங்கள் வீட்டுப் பிள்ளையின் உயிர்.

"இன்னாண்ணா, மைக்குலயா இதெல்லாம்?" என்கிறாய், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தம்பி. வாய்திறந்து பேசாததால்தான் எங்கள் சாம் செத்துப் பிழைத்தான்.

ஐந்து வருடத்துக்கு முன், இதே களத்தில் ரெய்டு போன சாம் என்னைத் தனியே கூப்பிட்டான். "ஒரு பக்கம் கல்லாட்டம் கெட்டியா இருக்குதுடா," என்றான். நான் சிரித்தேன். "முட்டி பட்டிருக்கும்டா. இதுக்குப் போயி பயந்துக்கினு இருக்கிறியே," என்றேன். விதை வீக்கத்துக்குக் கட்டுவார்களே, அந்தக் கழற்சி இலையை விளக்கெண்ணெயில் வதக்கி நானே கொடுத்தேன். அதை வைத்துக் கட்டிக்கொண்டு எட்டு மாதம் ஆடினான். எட்டு மாதம்! கோப்பையை நான் வாங்கினேன், கட்டியை அவன் சுமந்தான்.

முதுகு வலித்து மூச்சு வாங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தம் பார்த்தார்கள். விதைப்புற்று. வயிற்றுக்கும் நுரையீரலுக்கும் பரவியிருந்தது. "அடிபட்டு வர்றது இல்ல இது. வலியே இல்லாத கட்டியத்தான் உடனே காட்டணும். அப்பவே வந்திருந்தா ஆபரேஷனோட போயிருக்கலாம்," என்றார் டாக்டர். சாமின் அம்மா உபகாரமேரி என்னைப் பார்த்துக் கேட்டார்: "உங்கிட்ட சொன்னானாமே, தம்பி?"

அடிவயிற்றோரம் அறுத்து ஒரு விதையை எடுத்தார்கள். மாதக்கணக்கில் மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது, மேனி மெலிந்தது. மீண்டானா? மீண்டான். அதோ, விசிலோடு நிற்கும் நடுவர் யார்? சாம்! பந்தலோரம், அதற்குப் பிறகு பிறந்த மகளோடு உட்கார்ந்திருப்பவர் அவன் மனைவி ஜெனிபர். பிள்ளை பெற ஒரு விதை போதும், தம்பி. மருந்து ஏற்றுவதற்கு முன்பே விந்தைச் சேமித்து வைக்கவும் வழி உண்டு. டாக்டரிடம் கேள்.

கட்டியெல்லாம் புற்றா? இல்லை. எது புற்றென்று இலைக்குத் தெரியுமா? எண்ணெய்க்குத் தெரியுமா? இந்தத் தமிழழகனுக்குத்தான் தெரிந்ததா? டாக்டர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

சீட்டு எழுதிய தம்பி, நாளைக் காலை ஏழு மணி, உளுந்தூர்பேட்டை பஸ் ஸ்டாண்டு. உன்னை டாக்டரிடம் கூட்டிப்போக நானும் சாமும் நிற்போம். முதல் பஸ் போனாலும் நிற்போம், மூன்றாவது பஸ் போனாலும் நிற்போம். பெயர் கேட்க மாட்டோம். சாமிடம் சிரித்தேன். உன்னிடம் சிரிக்க மாட்டேன். வந்துவிடு.

பொறுமையாய்க் கேட்ட பெரியோர்களுக்கும், எழுந்து போகாத தாய்மார்களுக்கும் என் நன்றி, வணக்கம். சாம், ஆட்டத்துக்கு விசில் ஊது.