பின்னாடி யாரும் இல்ல

அக்கா, நான்தான், உன் தம்பி ஒட்டடக்குச்சி. கையில விளக்கு இருக்கு, அதான் நான் பேசப் பேச போனே டைப் பண்ணுது. யாராவது கேட்டா நீ சொல்லணும்ல... வயசு இருபத்திரெண்டு. நிக்கிறது பழைய டவுன், மணிக்கூண்டுக்குப் பின்னாடி சந்து. மணி பதினொண்ணு பத்து. அம்மாவ எழுப்பாத.

இங்க வண்டி உள்ள வராது. எல்லாம் நடைதான். கல்லு பாவின தெரு, வளைஞ்ச வாசல், முந்நூறு வருஷத்து வீடுங்க. பகல்ல ஆளுங்க போட்டோ எடுத்துத் தள்ளுவாங்க. ராத்திரி நாங்க கூட்டிட்டுப் போய்ச் சுத்திக் காட்டுவோம். முன்னாடி கைடு மேடம். கடைசில நான், கையில விளக்கு. ஒவ்வொரு முக்குலயும் மேடம் விசில் அடிப்பாங்க. நான் திரும்பிப் பாத்துட்டு, "பின்னாடி யாரும் இல்ல"ன்னு கத்தணும். யாரும் தொலைஞ்சிடக் கூடாதுல்ல.

எனக்கு முன்னாடி இந்த வேலை பாத்தவர் என் ரூம்மேட்டோட அண்ணன். அவரும் எங்க ரூம்லதான். போன வாரம் கரண்ட் போனப்ப, எல்லாரும் ஒரே கட்டில்ல ஒண்டிக்கிட்டோம். ரூம்மேட் சொன்னான்... ஒரு மழை நாள்ல அண்ணன் திரும்பாமலே கத்திட்டாராம். உடனே காதுகிட்ட மெதுவா ஒரு குரல், "நான் இருக்கேன்." ஈரச் சுண்ணாம்பு வாசனையாம்.

"டேய், அளக்காத"ன்னேன்.

"சிரி மச்சி. அப்புறம் ஏன் எங்கண்ணன் முதுக சுவத்துல ஒட்டிக்கிட்டே தூங்கறாரு?"

அண்ணன் அங்கதான் உக்காந்திருந்தார். முதுக சுவத்த விட்டு எடுக்கவே இல்ல.

இன்னிக்குக் கிணத்து முக்குல ஒரு பெரியவர் படியில வழுக்கிட்டார். அவரப் பிடிச்சிட்டிருந்தேன். விசில் கேட்டுச்சு. திரும்பாமலே கத்திட்டேன்கா.

இப்ப எல்லாரும் போயாச்சு. தனியா நடந்தேன். டக்... டக்... நின்னேன். ஒரு டக் லேட்டா வந்துச்சு. பூனைன்னு சொல்லுவ. பூனை ஷூ போடுமா?

அப்புறம் அந்த வாசனை.

ஓடி வந்து ஒரு வீட்டுச் சுவத்துல முதுகச் சாச்சுட்டேன். எதிர்ல சதுக்கம், தாண்டினா ரூம். நடுவுல சாய ஒரு சுவர் கிடையாது. பரவால்ல, ஓடிடுவேன். பின்னாடி யாரும் இல்ல. நான் இருக்கேன். யாரும் இல்லக்கா, சுவர்தான்.

இரு...

இப்பதான் படிச்சேன். நடுவுல அந்த ரெண்டு வார்த்தை, நான் சொல்லல.

சுவர் ஈரமா இருக்கு. மழையே இல்ல.

அக்கா, ரூம்மேட் நம்பர் உன்கிட்ட இருக்குல்ல? உடனே அந்த அண்ணன்கிட்ட பேசு. அந்த மழை நாள்ல சுவத்துலேர்ந்து முதுக எப்படி எடுத்தார்னு மட்டும் கேட்டுச் சொல்லு.