பதினான்காம் மனையின் உயரம்

உங்கள் நாற்காலி நன்றாக இருக்கிறது. என் அலுவலக நாற்காலி ஒரு பக்கம் சாயும். அதன் காலுக்கடியில் பழைய மவுஸ் பேட் ஒன்றை மடித்துச் சொருகியிருக்கிறேன். தரை சமமாக இல்லையென்றால் எனக்கு வேலை ஓடாது.

பெயர் வெண்டல் டாப். கெல்லபியில் லினெட் ஷ்ரேடரின் நில அளவை அலுவலகத்தில் பிளான் போடுகிறேன். போடுகிறேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. மற்றவர்கள் போட்டு அனுப்புவதைக் கணினியில் திறந்து அதிலிருக்கும் குப்பையைப் பொறுக்குகிறேன். நீங்கள் மெர்வ் பாஸ்கோவைப் பற்றிக் கேட்டீர்கள். குப்பையைச் சொல்லாமல் மெர்வைச் சொல்ல முடியாது.

மெர்வ் எங்கள் சர்வேயர். நிலத்தில் நின்று புள்ளி புள்ளியாக அளப்பான். தன்னிடமிருக்கும் வேறொரு மென்பொருளில் அந்தப் புள்ளிகளைக் கோடாகக் கோர்த்து எனக்கு அனுப்புவான். அவன் திரையில் அது ஒரே கோடு. என் திரையில் திறந்தால் நொறுங்கிய அப்பளம். ஒரே இடத்தில் மூன்று புள்ளிகள் ஒன்றன் மடியில் ஒன்றாக உட்கார்ந்திருக்கும். நீளமே இல்லாத கோடுகள் இருக்கும். எதற்கு என்று கேட்டால், "அது பாட்டுக்கு ஒரு ஓரமா கெடக்குது, உன் சோத்தையா புடுங்கித் திங்குது?" என்பான். மனையைச் சுற்றிவரும் கோடு கிளம்பிய இடத்துக்குத் திரும்பி வந்து, ஒரு மயிரிழை தள்ளி நின்றுவிடும். மூடாது.

மூடாத கோட்டுக்கு உள்பக்கம் கிடையாது. இது புரிந்தால் மற்றதெல்லாம் உங்களுக்குச் சுலபம். உள்பக்கம் இல்லாவிட்டால் பரப்பளவு இல்லை. பரப்பளவு இல்லாத மனையை யாருக்கும் விற்க முடியாது. இவ்வளவுக்குக் குறைவான இடைவெளியைக் கண்டுகொள்ளாதே என்று மென்பொருளிடம் சொல்லிவைக்கலாம். எவ்வளவு என்பது நம் இஷ்டம். மெர்வின் கோப்புகளுக்காக அந்த அளவை நான் வருஷா வருஷம் கூட்டிக்கொண்டே வந்தேன். அவன் ஒருமுறைகூட நன்றி சொன்னதில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

பதினான்காம் மனைக்கு வருகிறேன்.

ஊருக்கு மேற்கே இருந்த பால்பண்ணையை மனைகளாகப் பிரித்தார்கள். மற்ற மனைகள் எல்லாம் ஒழுங்காக மூடின. பதினான்கு மட்டும் மூடவில்லை. இரண்டு முனைகளையும் திரை கொள்ளும் மட்டும் பெரிதாக்கிப் பார்த்தேன். தொட்டுக்கொண்டுதான் இருந்தன. மென்பொருள் ஒப்புக்கொள்ளவில்லை. பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மேலிருந்து பார்த்தால் தொடும் முனைகளில் ஒன்று தரையில் இருந்தது. மற்றது கிணற்றுக் கயிறு மாதிரி கீழே, வெகு கீழே தொங்கியது.

அங்கே ஒரு குழி இருந்தது. நான் பொய் சொல்ல மாட்டேன். கெல்லபியில் எல்லோருக்கும் தெரியும். எங்கள் பக்கம் அடியில் முழுக்கச் சுண்ணாம்புக்கல். தண்ணீர் அரித்து அங்கங்கே உள்வாங்கிவிடும். பண்ணைக்காரர்கள் செத்த மாட்டையும் பழைய ஃப்ரிட்ஜையும் அதில்தான் தள்ளுவார்கள். மெர்வ் இடுப்பில் கயிறு கட்டி இறங்கி அதன் அடியையும் அளந்திருக்கிறான். மனையின் ஒரு மூலை அவனுக்கு அங்கே விழுந்திருக்கிறது. குழியைச் சுற்றி வெங்காயத்தை வெட்டினாற்போல், ஆழம் காட்டும் உயரக் கோடுகள் வேறு.

மெர்வைத் திரும்ப அளக்கச் சொல்லலாம். இல்லையென்றால் படத்திலிருக்கும் எல்லாவற்றின் உயரத்தையும் பூஜ்யமாக்கலாம். அதற்கு ஒரே ஒரு கட்டளை. என் வேலையில் இருக்கும் எல்லோரும் செய்வதுதான். செய்தேன். கோடு மூடியது. பரப்பளவு வந்தது. வெங்காய வளையங்கள் சமதரையில் அர்த்தமில்லாமல் கிடந்தன. அவற்றை அழித்தேன்.

இது குற்றமில்லை. இதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

லினெட் பார்த்துவிட்டு, "இப்பதாண்டா கண்ணுக்கு லட்சணமா இருக்கு. ஒவ்வொரு தடவையும் இப்படியே குடு," என்றாள். ஊர்க் கவுன்சில் அங்கீகரித்து முத்திரை குத்தியது. பதினான்காம் மனையை ரென்ஷா என்கிற வெளியூர்த் தம்பதி வாங்கினார்கள். இரண்டு பிள்ளைகள். வீட்டு வரைபடத்தைக் கொண்டுவந்து நான்தான் மனைமேல் பொருத்தினேன். பிள்ளைகள் படுக்கும் அறை அந்த மூலையில் அழகாக உட்கார்ந்தது.

முத்திரை விழுந்த பிளானை மெர்வ் அப்போதுதான் பார்த்தான். என் மேசைக்கு வந்து நின்றான்.

"டேய் வெண்டல், என் குழி எங்கடா?"

"எந்தக் குழி?"

"எந்தக் குழியா? நாலு ஆள் ஆழம். கயித்தக் கட்டிக்கிட்டு எறங்குனவன் நான். மாட்டெலும்பு மேல கால வச்சுட்டு நின்னவன் நான். இங்க என்னடான்னா கிரிக்கெட் ஆடலாம் போல இருக்கு."

"உன் கோடு மூடல, மெர்வ்."

"கோடு மூடலன்னு குழிய மூடிட்டியா? பெரிய மந்திரவாதிடா நீ. என் கடனையும் இப்படியே மூடிக் குடேன்."

லினெட் உள்ளேயிருந்து, "பாஸ் ஆயிட்ட பிளான நோண்டாதீங்க ரெண்டு பேரும்," என்றாள்.

"அங்க ரெண்டு குழந்தைங்க தூங்கப் போவுது, லினெட்," என்றான் மெர்வ். "நான் ரென்ஷாகிட்ட சொல்லத்தான் போறேன். இன்னைக்கே."

மெர்வ் நல்லவன். அதை மறுக்கவில்லை. ஆனால் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். உயரங்கள் திரும்ப வரும். கோடு திறந்துகொள்ளும். பதினான்காம் மனைக்கு உள்பக்கம் இல்லாமல் போகும். அந்தப் பிள்ளைகள் தூங்க ஒரு இடமே இருக்காது. நான் அவர்களைத்தான் நினைத்தேன்.

ஒருதரம் நேரில் காட்டு, அப்புறம் சொல் என்றேன். அன்று வெள்ளிக்கிழமை மத்தியானம். வழக்கம்போல பேக்கரியில் ஆளுக்கொரு கறி வைத்த மீட் பை வாங்கிக்கொண்டு அவன் வண்டியில் போனோம். கம்பி வேலியைத் தாண்டி ஓரத்தில் நின்றோம். உள்ளே ஃப்ரிட்ஜ் ஒன்று வெள்ளையாகத் தெரிந்தது.

"பாத்துக்க," என்றான். "இப்பவாச்சும் கண்ணு தெரியுதா?"

நான் டேப்லெட்டில் பிளானைத் திறந்தேன். நாங்கள் நிற்கும் இடம் நீலப் புள்ளியாகத் தெரிந்தது. சுற்றிலும் வெள்ளை. சுத்தமான, சமமான தரை. கவுன்சிலின் முத்திரை ஓரத்தில்.

"மெர்வ், இதுல அப்படி எதுவும் இல்லையே."

"அத அந்தாண்ட வச்சுட்டு கீழ பாருடா, கிறுக்கா."

தள்ளினேன் என்ற வார்த்தை உங்களுக்கு வேண்டுமென்றால் போட்டுக்கொள்ளுங்கள். அவன் முதுகில் கை வைத்தேன். சமதரையில் ஒரு அடி எடுத்துவைக்க உதவினேன். பிளான்படி அது அவ்வளவுதான்.

கொஞ்ச நேரம் கழித்துக் குரல் வந்தது.

"வெண்டல், கால் போச்சுடா. வண்டில கயிறு இருக்கு. எடு."

"எங்க இருக்க, மெர்வ்?"

"எங்கயா? கீழடா."

நான் மறுபடி டேப்லெட்டைப் பார்த்தேன். கீழே என்று ஒன்று அதில் இல்லை. அதை அவனிடமே சொன்னேன். அவன் என் அம்மாவைப் பற்றி ஏதோ சொன்னான். கோபத்தில் சொன்னது. நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. அவனுடைய மீட் பை வண்டியில் ஆறிக்கொண்டிருந்தது. வீணாகப் போவானேன் என்று அதையும் சாப்பிட்டேன். அப்புறம் அவன் வண்டியை அவன் வீட்டு வாசலில் விட்டுவிட்டு நடந்து வந்தேன்.

திங்கட்கிழமை அஸ்திவாரத்துக்குக் கான்கிரீட் லாரிகள் வந்தன. எல்லைக்கல் காட்டக் கூப்பிட்டிருந்தார்கள். மெர்வ் வரவில்லை, அதனால் நான் போனேன். டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"யோவ், இது குழி மாதிரியில்ல இருக்கு?"

"பிளான்ல இல்ல."

அவர் பிளானை வாங்கிப் பார்த்தார். முத்திரையைப் பார்த்தார். "பிளான்ல இல்லன்னா சரி," என்று குழாயைத் திருப்பினார். பாதியில், "என்னய்யா இது, குடிச்சிக்கிட்டே இருக்கு," என்றார். இன்னும் லாரிகள் அனுப்பச் சொன்னேன். பிளான்படி தேவையானதைவிடப் பல மடங்கு போனது. வித்தியாசம் கண்டுகொள்ளாமல் விடக்கூடிய அளவுதான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த அளவு எவ்வளவு என்பது நம் இஷ்டம் என்று முன்பே சொன்னேன்.

அப்போது மெர்வ் சத்தம் போட்டானா என்கிறீர்கள். லாரி இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. இன்ஜினை நிறுத்தச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

வீடு எழும்பி ரென்ஷா குடும்பம் குடிவந்த பிறகு, அந்தக் கான்கிரீட் எங்கே போயிற்று என்று யோசித்து நீங்கள் என்னிடம் வந்து சேர்ந்தீர்கள். கெட்டிக்காரப் போலீஸ். எங்கள் வேலைக்கே வந்திருக்கலாம்.

நேற்று ரென்ஷா குடும்பத்தை வீட்டிலிருந்து வெளியேற்றிவிட்டீர்களாம். சின்னவள் அழுதாள் என்று கேள்விப்பட்டேன். தேவையில்லாத வேலை. கெல்லபியில் அவ்வளவு கெட்டியான தரை வேறு யார் வீட்டுக்கும் கிடையாது. மெர்வ் கேட்டதும் அதுதானே. குழந்தைகள் பத்திரமாகத் தூங்க வேண்டும் என்றான். தூங்கினார்கள். அதில் பாதிப் புண்ணியம் அவனுடையது. நான் தனியாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆமாம், அவன் அங்கேதான் இருக்கிறான். இடத்தைக் கிழக்கு இவ்வளவு, வடக்கு இவ்வளவு என்று மில்லிமீட்டர் சுத்தமாக எழுதித் தருகிறேன். பேனா கொடுங்கள்.

எவ்வளவு ஆழம் தோண்டுவது என்று கேட்கிறீர்கள். உங்கள் படிவத்தில் அந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது, நியாயம்தான். போட்டுக்கொள்ளுங்கள்.

பூஜ்யம்.