ரெண்டு கையாலயும் குடுத்தது

சாயங்காலம் நாலு, நாலரை இருக்கும். மலை ரோடு... ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் ஒண்ணுமே இல்ல. கீழ எட்டிப் பார்த்தா ஆறு நூல் மாதிரி தெரியுமாம். முன்னாடி ஒரு வண்டி கிடையாது, பின்னாடி ஒரு வண்டி கிடையாது. இவங்க வேன் ஒண்ணுதான் உறுமிக்கிட்டே ஏறுது...

மணியன், அந்த லான்டர்னைக் கொஞ்சம் கம்மி பண்ணுங்க. மாடியில குழந்தைங்க இப்பதான் கண்ணசந்திருக்கு. காத்து அடிக்குது, கம்பி அறுந்து காட்டுத்தீ பிடிச்சுடும்னு டப்ளின் பூரா கரன்ட்டைக் கட் பண்ணிட்டான், நாளைக்கு மத்தியானம் வரைக்கும் வராதாம். வைஃபை போனாத்தான் உங்களுக்கெல்லாம் இந்த ஜலஜா ஞாபகம் வருவா, இல்ல? சரி, கிட்ட வந்து உட்காருங்க. நடுவுல யாரும் எழுந்து போகக் கூடாது.

இது நடந்தது பெருவுல. எல்லாரும் கையை விரிச்சுக்கிட்டு நின்னு போட்டோ போடறாங்களே, அந்தப் பெரிய இடம் இல்ல. அதைப் பார்த்தாச்சு. அப்புறம் டிரைவர் பேச்சைக் கேட்டு, கூட்டமே வராத வேற ஒரு மலைக்குப் போயிருக்காங்க. அதுவும் அந்த ஊர்ப் பழங்காலத்து இன்காக்காரங்க கட்டினதுதான். பேர் சொல்ல மாட்டேன். சொன்னா உங்கள்ல எவளாவது ஸ்பிரிங் பிரேக்குக்கு டிக்கெட் போட்டுடுவா.

நம்ம மானஸாவுக்குச் சித்தி பொண்ணு ஒருத்தி, விஷாகான்னு. டெக்சஸ்ல ஆலன்ல இருக்கா. புருஷன் திருமூர்த்தி, உடுமலைப்பேட்டைக்காரன். ரெண்டு பேருக்கும் ஐ.டி. வேலை. ஒரே பொண்ணு ஓவியா, அப்ப நாலு வயசு. மானஸா யார்கிட்டயும் வாயைத் திறக்காதேன்னு சத்தியம் வாங்கிட்டுத்தான் என்கிட்ட சொன்னா. இன்னிக்கு அவ வரல, நான் சொல்றேன். துரோகம்தான், தெரியும். கேளுங்க.

அந்த ஓவியா இருக்கே... சரியான வாலு. கேட்டது கிடைக்கலன்னா கடைன்னு பார்க்காது, கோயில்னு பார்க்காது, தரையில படுத்து உருளும். நாள் பூரா 'அம்மா, அம்மா'ன்னு விஷாகா பின்னாடியேதான். அவ பாத்ரூம் போனாக்கூட விடாது. கதவோட கீழ்ப்பாதியில தட்டும்... டொக் டொக்... கொஞ்சம் விட்டு, டொக். 'அம்மா, ஆர் யூ டன்?' விஷாகா அலுத்துக்குவாளாம், 'ஒரு நாளாவது என்னை வேற பேர் சொல்லிக் கூப்பிடேன்டீ'ன்னு.

நாம எல்லாருமே அப்படி அலுத்துக்கறவங்கதான், வேணும்னேவா சொல்றோம்?

அன்னிக்கு வேன்ல போறப்போ டிரைவர் ஒரு விஷயம் சொல்லியிருக்கான். அந்தக் காலத்துல மலைக்குக் குழந்தைங்களைக் காணிக்கையாக் குடுப்பாங்களாம். நோய் நொடி இல்லாத, அழகான குழந்தையாப் பார்த்து, நல்ல துணி உடுத்தி... பெத்தவங்களே குடுக்கணும். குடுக்கறப்போ அழக் கூடாது. சிரிச்ச முகமா இருக்கணும். திரு உடனே போனை எடுத்துத் தேடிப் பார்த்துட்டு, 'ஆமா, கரெக்டாத்தான் சொல்றான்'னானாம்.

மேல போனதும் விஷாகாவுக்கு அந்த உயரம் ஒத்துக்கல. தலை பிளக்குது, குமட்டுது. 'நீங்க ரெண்டு பேரும் பார்த்துட்டு வாங்க'ன்னு வேன்லயே படுத்துட்டா. அப்பனும் பொண்ணும் படியேறிப் போயிட்டாங்க.

வெயில் இறங்கிடுச்சு. குளிர் ஏறுது. மூடற நேரம்னு கார்டு விசில் ஊதறான்... பீ...ப். மறுபடி, பீ...ப். அப்பத்தான் மேல இருந்து ஓவியா வீறிடற சத்தம். விஷாகாவுக்குப் பழகின சத்தம்தான். வரமாட்டேன்னு அடம் பிடிக்குது, அவன் பார்த்துக்கட்டும்னு கண்ணை மூடிக்கிட்டா.

அழுகை நின்னுடுச்சு.

குழந்தை அழுகை எப்படிங்க நிக்கும்? விம்மல், தேம்பல், மூக்குறிஞ்சல்னு கொஞ்சம் கொஞ்சமாத்தானே அடங்கும்? இது பாதிக் கத்தல்ல டக்குன்னு நின்னுதாம். விஷாகா எழுந்து உட்கார்ந்துட்டா.

ரெண்டு பேரும் இறங்கி வந்தாங்க. திரு மூஞ்சி வெளுத்துப் போயிருந்தது. ஓவியா அவன் கையைப் பிடிக்கல. தனியா, படி பார்த்து, நிதானமா வந்தா. விஷாகா வேன் கதவைத் திறந்து, தூக்கி உட்கார வெச்சு, பெல்ட்டைப் போட்டுவிட்டா. குழந்தை அவளை நிமிர்ந்து பார்த்துச்சு.

'தேங்க் யூ, ஆன்ட்டி.'

விஷாகா சிரிச்சுட்டா. நாம கேட்டதைத்தானே செய்யுதுன்னு. ஆனா குனிஞ்சு முத்தம் குடுக்கறப்போ தலைமுடியில ஒரு வாசனை. ஈரக் கம்பளி... விறகுப் புகை... சோளம் வறுத்தா வருமே, அது. ஊருக்கு வந்து எந்த ஷாம்பூ போட்டும் அது போகல.

'ஆன்ட்டி'யும் போகல.

அந்த வாலுக் குழந்தை ஒரே நாள்ல அவ்வளவு சமர்த்தாயிடுச்சு. தட்டுல போட்டதைச் சாப்பிடுது. தட்டைக் கொண்டு போய் சிங்க்ல வைக்குது. அதோட சொந்த வீட்டுல நின்னுக்கிட்டு, 'மே ஐ யூஸ் யுவர் ரெஸ்ட்ரூம், ஆன்ட்டி?'ன்னு கேக்குது. ப்ளே டேட்டுன்னு அடுத்தவங்க வீட்டுக்கு விளையாட வந்த பிள்ளை எப்படி இருக்கும்? அப்படி! விஷாகா கெஞ்சிப் பார்த்தா, கொஞ்சிப் பார்த்தா, ஒரு தடவை ஆத்திரத்துல உலுக்கியும் பார்த்தா. 'அம்மான்னு சொல்லுடீ, ஒரே ஒரு தடவை சொல்லுடீ.' குழந்தை பாவமா அவளைப் பார்க்குதாம். அடுத்தவங்க வீட்டு அம்மா அழுதா நம்ம பிள்ளைங்க சங்கடமா ஒரு பார்வை பார்க்கும் இல்ல, அந்த மாதிரி.

தினம் பொழுது சாயறப்போ ஒரு வேலை செய்யும். தானா ஷூ போட்டுக்கும். பெருவுல வாங்கின ஜாக்கெட்டைப் போட்டு ஜிப்பைக் கழுத்து வரைக்கும் இழுத்துக்கும். வெளிய டெக்சஸ் வெயில், நூறைத் தாண்டி அடிக்குது! முதுகுப் பையை மடியில வெச்சுக்கிட்டு மாடிப்படியோட கடைசிப் படியில, வாசக் கதவைப் பார்த்து உட்கார்ந்துடும்.

'யாருக்குடா வெயிட் பண்றே?'

'மை அம்மா. ஷீ இஸ் கமிங் டு பிக் மீ அப்.'

விஷாகா எங்கெங்கயோ அலைஞ்சா. இந்த டாக்டர், அந்த தெரபிஸ்ட். எல்லாரும் ஒரே பாட்டு, 'இட்ஸ் அ ஃபேஸ்', இந்த வயசுல இப்படித்தான், தானா போயிடும்னு. அவ திருவைக் கேட்டுக்கிட்டே இருந்தா. மேல என்ன நடந்தது, அடிச்சியா, விழுந்தாளா, ஏதாவது பார்த்து பயந்தாளா? 'எங்கம்மா மேல சத்தியமா ஒண்ணுமே நடக்கல. நீ ஓவரா யோசிக்கறே'ன்னான். தலையைத் தடவிக் குடுத்து, தூக்க மாத்திரை வேற வாங்கிக் குடுத்தான். அவளும் நம்பினா. கட்டினவன், பொய்யா சொல்லுவான்?

ஒரு நாள் வீட்டுல நாலு பேரைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாங்க. வந்தவங்க பையன் ஒருத்தன் கிளம்பறப்போ அழிச்சாட்டியம். அவங்கம்மா பொறுத்துப் பார்த்துட்டு, 'வராட்டி போ, உன்னைப் பூச்சாண்டிக்கே குடுத்துட்டேன்'னு சொல்லிட்டா. ரக்ஷா, ஏன் தலையைக் குனியறே? நீ இன்னிக்குச் சாப்பாட்டு நேரத்துல உன் பையன்கிட்ட என்ன சொன்னே? 'ஜலஜா ஆன்ட்டியே இவனை வெச்சுக்கட்டும்'னு. நானும் சிரிச்சேன். ஆனா எனக்கு உள்ளுக்குள்ள திக்குன்னு ஆச்சு. அதனாலதான் இந்தக் கதை.

ஓவியா எழுந்து அந்தப் பையன்கிட்டப் போய், அவன் கண்ணைத் துடைச்சுவிட்டு, மெதுவாச் சொல்லுச்சாம்.

'டோன்ட் க்ரை. இட் டஸன்ட் ஹர்ட். தட் அங்கிள் கேவ் மீ டூ.'

விரலை நீட்டினது திருவைப் பார்த்து. அப்புறம் ரெண்டு கையையும் முன்னாடி நீட்டிக் காட்டுச்சு. தாம்பூலத் தட்டு குடுக்கறப்போ நீட்டுவோமே, அப்படி.

வந்தவங்க போனதும் விஷாகா கதவைச் சாத்தினா. 'என்ன பண்ணே?'ன்னா. அவனால அதுக்கு மேல மறைக்க முடியல. மேல ஒரு கல் சுவர், அதுல வரிசையா மாடம் மாதிரி குழிங்க. ஓவியா ஒண்ணுல ஏறி உட்கார்ந்துக்கிட்டு வரமாட்டேன்னுது. கார்டு விசில் ஊதறான். இவன் சும்மா மிரட்டறதுக்காக அவளைத் தூக்கி, ரெண்டு கையாலயும் அந்த மாடத்துக்கு நேரா நீட்டி... 'இந்தாங்க, இவளை நீங்களே வெச்சுக்கோங்க. எங்களுக்கு வேணாம்'னு சொல்லியிருக்கான்.

சிரிச்சுக்கிட்டே சொல்லியிருக்கான். சிரிச்ச முகமா.

'சொன்னதும்... கை லேசாயிடுச்சு விஷாகா. குழந்தை என் கையிலதான் இருக்கா. ஆனா கனமே இல்ல. யாரோ அந்தப் பக்கத்துலேர்ந்து வாங்கிக்கிட்ட மாதிரி.'

அன்னிக்கு விஷாகாவுக்கு வந்த ஆத்திரம் மலை மேல இல்லைங்க, பேய் பிசாசு மேல இல்ல. சொன்னதைக்கூட விளையாட்டுன்னு விட்டுடலாம், எல்லாரும் சொல்றதுதான். கை லேசானது தெரிஞ்சும், அவ பைத்தியம் மாதிரி டாக்டர் டாக்டரா ஏறி இறங்கறதைப் பக்கத்துலயே நின்னு பார்த்துட்டு, 'நீ ஓவரா யோசிக்கறே'ன்னானே! பெத்த தாய் மேல சத்தியம் வேற! அவ அவனை அடிக்கல, கத்தல. அதுக்கப்புறம் அவன்கூட ஒரே ரூம்ல படுக்கல, அவ்வளவுதான்.

மறுநாள்லேர்ந்து பொழுது சாயறப்போ அவளும் போய் அந்தக் கடைசிப் படியில உட்கார்ந்துடுவா. மூடின கதவைப் பார்த்து வாய்விட்டுச் சொல்லுவா, 'நான் குடுக்கல. பெத்தவ நான். நான் குடுக்கவே இல்ல.' ஓவியா அவ கையைத் தட்டிக் குடுக்கும். 'இட்ஸ் ஓகே, ஆன்ட்டி.'

இப்படியே கொஞ்ச நாள் போச்சு. ஒரு நாள் திரு ஹால்ல இருக்கான். 'நீ பார்த்துக்கோ'ன்னுட்டு இவ கிச்சன்ல தோசை ஊத்திக்கிட்டிருந்தா. அப்ப...

'அம்மா!'

எத்தனை மாசம் கழிச்சு! அவ்வளவு சந்தோஷம் அந்தக் குரல்ல. விஷாகா தோசைத் திருப்பியோட ஓடினா. சிரிக்கறா, கண்ணுல தண்ணி கொட்டுது. 'வந்துட்டேன்டீ, அம்மா வந்துட்டேன்'னு ஹாலுக்கு வந்து கையை விரிச்சுக்கிட்டு நின்னா...

ஓவியா அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு, வாசக் கதவைப் பார்த்து நின்னுச்சு.

எதிர் வீட்டுல புல்லுக்குத் தண்ணி அடிக்கற ஸ்பிரிங்க்ளர் ஓடிட்டிருந்தது... சிக்... சிக்... சிக்... அது நின்னுது. போர்ச்சுல ஏதோ தேய்ச்சுத் தேய்ச்சு நடக்குது. சரக்... சரக்... கதவுக்கு அடியில அந்த வாசனை. ஈரக் கம்பளி, புகை, சோளம்.

'திறக்காதே திரு! உன் கால்ல விழறேன், திறக்காதே!'

'யாருமே இல்லன்னு காட்டறேன். இன்னியோட இதை முடிச்சுடலாம்'னான். திறந்துட்டான். ரெண்டாவது தடவையும் அவன்தான்!

வெளிய யாரும் இல்ல. வெறும் தெரு. ஆனா சில்லுன்னு ஒரு காத்து உள்ள வந்தது. ஓவியா பையை மாட்டிக்கிட்டு வாசப்படியைத் தாண்டினா. தாண்டிட்டுத் திரும்பிப் பார்த்தா. 'தேங்க் யூ ஃபார் ஹேவிங் மீ, ஆன்ட்டி. தேங்க் யூ, அங்கிள்.' விஷாகா பாயறதுக்குள்ள கதவு டமார்னு சாத்திக்கிச்சு. இழுக்கறாங்க, வரல. ரெண்டு பேரும் சேர்ந்து இழுத்தாங்க. அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி தானா திறந்துச்சு.

வாசக் கால்மிதி மேல ஓவியா நின்னுக்கிட்டிருந்தா. பையை மட்டும் காணோம்.

'அம்மா, பசிக்குது'ன்னு வந்து விஷாகாவைக் கட்டிக்கிச்சு.

என் முகத்தை அப்படிப் பார்க்காதீங்க மணியன், நான் விளையாடல. அவ்வளவுதான், எல்லாம் சரியாயிடுச்சு. தலையில வாசனை இல்ல. ஷூ போட்டுக்கிட்டு உட்கார்றதில்ல. விஷாகாவைத் தவிர யார்கிட்டயும் போகாது, அம்மா அம்மான்னு உசிரை விடுது. முன்னாடி இங்கிலீஷ்லதானே பதில் சொல்லும்? இப்ப சுத்தமா தமிழ்லயே பேசுதாம். தமிழ் ஸ்கூல் டீச்சர் மெச்சிக்கிட்டாங்களாம். 'பார்த்தியா, நான் அப்பவே சொன்னேனே'ன்னு திருவுக்கு ஒரே பெருமை.

அப்புறம் என்னதான் பிரச்சினைன்னு மானஸா கேட்டிருக்கா. விஷாகா போன்ல குரலைத் தாழ்த்திச் சொன்னாளாம்.

பொழுது சாயறப்போ வாசக் கதவு தட்டுதாம். கீழ்ப்பாதியில. டொக் டொக்... கொஞ்சம் விட்டு, டொக். பாத்ரூம் கதவைத் தட்டுமே, அதே தட்டு.

'ஆன்ட்டி...? கேன் ஐ கம் இன் நவ்?'

திருவுக்குக் கேக்குதான்னு தெரியாது. கேட்டா, இல்லம்பான். ஆனா கரெக்டா அந்த நேரத்துக்கு டி.வி. வால்யூமைக் கூட்டறானாம்.

விஷாகா எழுந்து போய்த் தாழ்ப்பாள்ல கையை வைப்பா. உள்ள இருக்கறது ஓடி வந்து காலைக் கட்டிக்கும். 'யாரும் இல்லம்மா. வாம்மா, தோசை கருகுது.' சூடா, கெட்டியா, அம்மா அம்மான்னு கட்டிக்கும். திறந்தா எது உள்ள வரும், எது வெளிய போகும்? அவளுக்குத் தெரியல. அந்த ஒரு வார்த்தைக்காக அத்தனை மாசம் அழுதவ... அதைச் சொல்றதை விலக்கிவிட எப்படிடீ மனசு வரும்?

கையை எடுத்துடுவாளாம். தினமும். தாழ்ப்பாள்லேர்ந்து கையை எடுத்ததும் வெளிய தட்டறது நின்னுடும். அப்புறம் கதவுக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து, சமர்த்தா, மெதுவா...

'இட்ஸ் ஓகே, ஆன்ட்டி. ஐ'ல் வெயிட்.'